காற்றே காப்பு

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஊருக்கு ஒளி தரும் மின்கம்பிகள் தெருக்களுக்கும் வயல்களுக்கும் மேலாகச் செல்கின்றன. அவற்றின் அருகே வீடு கட்டுவோர், வண்ணம் பூசுவோர், ஆழ்துளைக் கிணறு தோண்டுவோர், சரக்கு ஏற்றுவோர், தேர் இழுப்போர் எனப் பலரும் இயங்குகின்றனர். கம்பிக்கு எவ்வளவு அருகே செல்லலாம், அங்கு வேலை தொடங்குமுன் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்பவற்றைச் சட்டம் வகுத்துள்ளது. அச்சட்டத்தின் கருத்தையும் காரணத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

வறண்ட நிலத்தின் தொழில்

வைப்பாற்றின் கரையில் அமைந்த வெம்பக்கோட்டையை இன்று பலரும் அறியச் செய்தது அகழாய்வு. 2022ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் அங்குச் சங்கு வளையல்களும் சுடுமண் பொருள்களும் கல்மணிகளும் கிடைத்தன. பழங்காலத்திலேயே கைத்தொழில் தழைத்த அம்மண்ணில் இன்றைய தொழில் பட்டாசு. மழை குறைந்த வறண்ட வானிலை மருந்தைக் காயவைப்பதற்கு ஏற்றது. ஆதலால் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு ஆலைகள் பெருகின. கரிசல் வெளியில் ஒன்றுக்கொன்று விலகி நிற்கும் சிற்றறைகளாக அவை காட்சியளிக்கும். அந்த விலகலும் சட்டம் வகுத்ததே. ஓர் அறையில் நேரும் வெடிப்பு அடுத்த அறைக்குத் தாவக் கூடாது என்பது அதன் நோக்கம்.

இடைவெளியின் அருமையை இவ்வட்டார மக்களுக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நேர்ந்த வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். உராய்வு, வெப்பம், அளவுக்கு மிஞ்சிய மருந்து ஆகியவற்றைப் பற்றி ஆலைகளில் இடைவிடாது எச்சரிக்கின்றனர். தலைக்குமேல் செல்லும் மின்கம்பியைப் பற்றிப் பேசுவோர் சிலரே. ஆயினும் அதே ஆலையின் மதிலைக் கட்ட வரும் கொத்தனாரும், லாரியின் மேல் நின்று பெட்டிகளை அடுக்கும் சுமைதூக்குவோரும் அக்கம்பியிடமிருந்தும் இடைவெளி காக்க வேண்டியவர்களே.

உறையில்லாத கம்பி

வீட்டுச் சுவருக்குள் செல்லும் மின்கம்பிக்கு நெகிழி உறை உண்டு. தெருவில் கம்பத்துக்குக் கம்பம் செல்லும் கம்பிகள் பெரும்பாலும் வெற்றுக் கம்பிகள். நடுவே எஃகு இழையும் சுற்றிலும் அலுமினிய இழைகளுமாக முறுக்கப்பட்ட அக்கம்பிகளுக்கு அவற்றின் பருமனைப் பொறுத்து அணில், வீசல், முயல், நாய், சிறுத்தை என்று விலங்குகளின் பெயர்களை ஆங்கிலத்தில் இட்டிருக்கின்றனர். மின்வாரியப் பண்டகசாலையில் 'ராபிட்' என்று கேட்டால் கம்பிச் சுருள்தான் வரும். கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான், மின்சாரம் கம்பத்தில் இறங்காமல் காக்கிறது. கம்பம் இல்லாத இடத்தில் கம்பிக்கும் நமக்கும் நடுவில் இருப்பது காற்று ஒன்றே. காற்று நல்ல மின்காப்புப் பொருள். ஆனால் போதிய அளவு இருந்தால்தான் அது காக்கும்.

கம்பியின் மேல் அமரும் காக்கைக்கு ஒன்றும் நேர்வதில்லையே என்னும் ஐயம் எழலாம். காக்கையின் இரு கால்களும் ஒரே கம்பியில் இருப்பதால் அவற்றிடையே மின்னழுத்த வேறுபாடு ஏறத்தாழ இல்லை. நிலத்தில் நிற்கும் மனிதரின் நிலை வேறு. அவர் கையிலுள்ள இரும்புக் குழாய் கம்பியைத் தொட்டால் மின்சாரம் அவர் உடல் வழியே மண்ணுக்குப் பாய்கிறது. வீடுகளுக்கு வரும் தாழ்வழுத்த மின்சாரம் 230 வோல்ட். அதுவே உயிரைப் பறிக்க வல்லது. ஊருக்கு வெளியே மின்மாற்றி வரை செல்லும் கம்பிகளில் 11,000 அல்லது 22,000 வோல்ட் அழுத்தம் இருக்கும். துணைமின் நிலையங்களை இணைப்பவற்றில் அதனினும் மிகுதி. உயரழுத்தக் கம்பியைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை. குறிப்பிட்ட தொலைவுக்குள் ஒரு பொருள் சென்றாலே காற்றைப் பிளந்துகொண்டு மின்பொறி தாவும். தொடவில்லை என்பதால் தப்பிவிடலாம் என்று எண்ணுவோர் ஏமாறுவது இங்கேதான்.

சட்டம் தரும் அளவுகள்

இந்தியாவில் இதற்கான விதிகள் 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் விரிவாக வகுக்கப்பட்டன. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டத்துக்குப் பின், மத்திய மின்சார ஆணையம் 2010இல் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. 2023இல் அவை புதுப்பிக்கப்பட்டன. 1956இன் அடிப்படை அளவுகள் 2010இலும் அப்படியே தொடர்ந்தன. தெருவின் குறுக்கே செல்லும் தாழ்வழுத்தக் கம்பி தரையிலிருந்து 5.8 மீட்டருக்கும், உயரழுத்தக் கம்பி 6.1 மீட்டருக்கும் குறையாத உயரத்தில் இருக்க வேண்டும். தெருவின் ஓரமாக நீளவாக்கில் செல்பவற்றுக்கு இவ்வளவுகள் முறையே 5.5 மீட்டர், 5.8 மீட்டர். தெரு அல்லாத இடங்களில், எடுத்துக்காட்டாக வயலில், 11 கிலோவோல்ட் வரையிலான வெற்றுக் கம்பிக்கு 4.6 மீட்டர் போதும். நெல் அறுவடை இயந்திரத்தையோ ஆழ்துளைக் கிணற்று வண்டியின் உயர்ந்த சட்டகத்தையோ நினைத்துப் பார்த்தால் இந்த 4.6 மீட்டர் எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

கட்டடங்களுக்கான அளவு தனி. தாழ்வழுத்தக் கம்பிக்கும் கூரையின் உச்சிக்கும் இடையே செங்குத்தாக 2.5 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர் வேண்டும். 33 கிலோவோல்ட் வரையிலான உயரழுத்தக் கம்பிக்குச் செங்குத்து இடைவெளி 3.7 மீட்டர், பக்கவாட்டில் 11 கிலோவோல்ட் வரை 1.2 மீட்டர், அதற்குமேல் 33 வரை 2 மீட்டர். இருக்கும் மின்பாதைக்குக் கீழே புதிய கட்டடம் எழுப்பக் கூடாது என்றும் 2010ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை கூறுகிறது.

இவ்வளவுகளை எந்த நாளில் அளப்பது? இதில்தான் விதியை வகுத்தவர்களின் நுட்பம் தெரிகிறது. உலோகம் வெப்பத்தில் நீளும். சித்திரை வெயிலிலும், மின்பளு மிகுந்த வேளையிலும் கம்பி நீண்டு நடுவில் தொய்கிறது; மார்கழிக் குளிரில் சுருங்கி மேலேறுகிறது. செங்குத்து இடைவெளியை மிகுதியாகத் தொய்ந்த நிலையிலும், பக்கவாட்டு இடைவெளியைக் காற்றில் மிகுதியாக விலகிய நிலையிலும் கணக்கிட வேண்டும் என்பது விதி. தை மாதக் காலையில் பார்த்து, 'போதிய உயரம் இருக்கிறது' என்று முடிவு செய்வது சட்டப்படியான அளவாகாது. விருதுநகரில் பங்குனிப் பொங்கலும் சிவகாசியில் சித்திரைப் பொங்கலும் நடைபெறும் நாள்கள், வீட்டு வேலைகள் மும்முரமாக நடக்கும் நாள்கள், கம்பி தாழ்ந்து தொங்கும் நாள்கள் ஆகிய மூன்றும் ஒரே பருவத்தில் வருவதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு வீட்டைக் கொண்டு கணக்கிடுவோம். ஒரு தளம் உள்ள வீட்டின் கூரை ஏறத்தாழ 3 மீட்டர் உயரம். அதற்கு மேலே 6 மீட்டர் உயரத்தில் தாழ்வழுத்தக் கம்பி சென்றால் இடைவெளி 3 மீட்டர். சட்டம் கேட்கும் 2.5 மீட்டரைவிட மிகுதி. வீட்டுக்காரர் மாடியில் ஓர் அறை எழுப்ப விரும்புகிறார். அறையின் கூரை 6 மீட்டரை எட்டும்போது கம்பியும் கூரையும் ஒரே மட்டத்தில் நிற்கும். இடைவெளி மறைந்தது வேலை முடிந்த நாளில் அன்று. சாரம் கட்டிய முதல் நாளிலேயே அது மறைந்துவிட்டது.

வேலைக்கு முன் ஒரு கடிதம்

இத்தகைய வீட்டுக்காரர் என்ன செய்ய வேண்டும்? 1956ஆம் ஆண்டு விதிகளில் 82ஆம் விதி இதற்கென்றே அமைந்தது; பின்வந்த ஒழுங்குமுறையிலும் அதன் சாரம் தொடர்ந்தது. மின்பாதை அமைந்த பின்னர் அதனருகே புதிய கட்டடம் எழுப்பவோ, இருக்கும் கட்டடத்தை மாற்றவோ, வெள்ளத்தடுப்புக் கரையையோ சாலையையோ உயர்த்தவோ விரும்புபவர், மின் வழங்குநருக்கும் மின் ஆய்வாளருக்கும் எழுத்து வடிவில் தெரிவிக்க வேண்டும். வரைபடமும் இணைக்க வேண்டும். கட்டி முடித்த கட்டடத்தை மட்டும் வரைந்து காட்டினால் போதாது; வேலையின்போது எழுப்பும் சாரமும் வரைபடத்தில் இடம்பெற வேண்டும். விதி நிறைவேறும் என்று மின் ஆய்வாளர் சான்றளிக்கும்வரை வேலையைத் தொடங்கவும் கூடாது; தொடரவும் கூடாது.

இவ்விதியில் இரு சொற்கள் நின்று படிக்கத் தக்கவை. ஒன்று, 'தற்காலிக' என்பது. நிலையான வேலை, தற்காலிக வேலை இரண்டையும் விதி ஒன்றாகவே கருதுகிறது. 'இரண்டு நாள் வேலைதானே' என்று சொல்லிவிட்டுப் பந்தலோ சாரமோ கட்டுவோருக்கு விலக்கு இல்லை. மற்றொன்று, 'அவர் அமர்த்தும் ஒப்பந்தக்காரரும்' என்பது. தெரிவிக்கும் கடமை நிலத்தின் உரிமையாளருக்கும் உண்டு. வேலையை ஏற்ற ஒப்பந்தக்காரருக்கும் உண்டு. ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்ப இயலாது. கம்பி கட்டும் சித்தாள் மீதோ, கலவை சுமக்கும் பெண் மீதோ இக்கடமையைச் சட்டம் சுமத்தவில்லை. உயிரை இழப்பவர் பெரும்பாலும் அவர்களே என்பது வேறு.

முறைப்படி அமைந்த மின்பாதையை மாற்ற வேண்டியிருந்தால் அச்செலவைக் கட்டடம் கட்டுபவர் ஏற்க வேண்டும். பலரும் கடிதம் எழுதத் தயங்குவதற்கு இதுவே காரணம் எனலாம். மின்பாதையைச் சட்டம் கூறும் இடைவெளியின்றி அமைத்திருந்தால் அதைச் சீர்செய்வது வழங்குநரின் பொறுப்பு. இவ்வேறுபாட்டை அறிந்தவர் எழுதத் தயங்கமாட்டார்.

கம்பியின் கீழே எதை வைப்பது?

கட்டட வேலைக்கு வரும் முறுக்குக் கம்பியின் நீளம் 12 மீட்டர். அதை நிமிர்த்தினால் தெருவில் உள்ள எந்தப் பகிர்மானக் கம்பியையும் அது எட்டிவிடும். கூரைக்குச் சட்டம் அளித்த 2.5 மீட்டர், கூரைமேல் நிற்பவரின் கையிலுள்ள கம்பியைக் கணக்கில் கொள்ளாது. ஆதலால் பொருள்களைக் கொண்டுசெல்வதற்குத் தனி விதி ஒன்று உண்டு. கம்பி, குழாய் போன்றவற்றை, இடைவெளி குறையும் வகையில், வெற்று மின்கம்பியின் கீழேயோ அருகிலோ கொண்டுசெல்லக் கூடாது. கொண்டுசெல்ல நேர்ந்தால் அதற்கென நியமிக்கப்பட்டவரின் நேரடி மேற்பார்வை வேண்டும். மின்பொறி தாவும் தொலைவுக்குள் எந்தச் சூழ்நிலையிலும் கொண்டுசெல்லக் கூடாது. மேற்பார்வை இருந்தாலும் இதற்கு விலக்கில்லை.

கம்பியின் கீழே மண்ணையோ விளைபொருளையோ குவிக்கக் கூடாது. மரம் வளர்க்கக் கூடாது. மண் குவியும்போது தரை உயர்கிறது. தரை உயர்ந்தால் இடைவெளி குறைகிறது. வைக்கோற்போரின் உச்சியில் நின்று கட்டுகளை வாங்குபவர் அந்தக் குறைந்த இடைவெளியில்தான் நிற்கிறார். மின்பாதை அமைந்த பின் அதற்கு இடையூறாக வளர்ந்த மரத்தை அகற்ற ஆணையிடும் அதிகாரம் மின்சாரச் சட்டத்தின் 68ஆம் பிரிவில் நிருவாக நடுவருக்கு உண்டு. வேப்பமரத்தின் கிளையை மின்வாரியப் பணியாளர் வெட்டும்போது எழும் மனவருத்தம் இயல்பானது. அது கம்பியில் உரசிய நிலையில் வீட்டார் தாமே அரிவாளோடு ஏறுவதுதான் கொடியது.

2010ஆம் ஆண்டின் ஒழுங்குமுறையில் உள்ள மேலும் இரு தொடர்கள் வெம்பக்கோட்டை வட்டாரத்துக்கென்றே எழுதியவை போலத் தோன்றும். மின்பாதையின் கீழே எளிதில் தீப்பற்றும் பொருளைச் சேமிக்கக் கூடாது; மின்பாதையின் கீழே எப்பொருளையும் எரிக்கக் கூடாது. கம்பிகள் காற்றில் ஒன்றோடொன்று உரசினால் தீப்பொறி உதிரும்; அறுந்து விழுந்தாலும் அவ்வாறே. அட்டைப்பெட்டிக் குவியலோ காகிதக் கழிவோ கீழே இருந்தால் ஒரு பொறி போதும். இதற்கு மறுபுறமும் உண்டு. வெடிபொருள் விதிகள், 2008, வெடிபொருளிடமிருந்து காக்கப்பட வேண்டியவற்றை வரையறுக்கின்றன. குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை, பொதுச்சாலை, இருப்புப்பாதை, அணை ஆகியவற்றோடு உயரழுத்த மேல்நிலை மின்கம்பியும் அவ்வரையறையில் இடம்பெறுகிறது. வெடிபொருளைக் கம்பியிடமிருந்தும், கம்பியை வெடிபொருளிடமிருந்தும் விலக்கி வைக்க இரு வேறு சட்டங்கள் தனித்தனியே முயல்கின்றன.

களிமேடும் இனயமும்

இடைவெளி குறைந்தால் நேர்வது என்ன என்பதைத் தமிழ்நாடு துயரத்தோடு கண்டது 2022 ஏப்ரல் 27 அன்று. தஞ்சாவூரை அடுத்த களிமேடு என்னும் சிற்றூரில் அப்பர் பெருமானின் சதய விழா. நள்ளிரவு கடந்து, அதிகாலை 3 மணியளவில் வீதியுலா வந்த தேரின் மேற்பகுதி உயரழுத்த மின்கம்பியில் பட்டது. சிறுவர் உட்பட 11 பேர் உயிரிழந்தனர். ஆண்டுதோறும் அதே தெருவில் வந்த தேர்தான் அது. சாலை புதுப்பிக்கப்பட்டபோது அதன் மட்டம் உயர்ந்தது பற்றி அப்போது பேச்சு எழுந்தது. சாலையை உயர்த்துவோரும் மின்வழங்குநருக்கும் மின் ஆய்வாளருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று விதி ஏன் வலியுறுத்துகிறது என்பதை இந்நிகழ்வோடு சேர்த்துப் படித்தால் விளங்கும். கம்பி இறங்கவில்லை, தேர் வளரவில்லை. ஆயினும் தரை உயர்ந்தால் இடைவெளி குறையும்.

2025 மார்ச் மாதத்தில் கன்னியாகுமரி மாவட்டம் இனயம் புத்தன்துறையில் தேவாலயத் திருவிழாப் பணியின்போது, உயரமான இரும்பு ஏணியை நகர்த்தியவர்களில் நால்வர் மின்சாரம் தாக்கி இறந்தனர். ஏணியை நகர்த்துபவரின் கண்கள் சக்கரத்தையும் தரையையும் பார்க்கும். உச்சியைப் பார்ப்பவர் எவருமில்லை. உயரமான பொருளை நகர்த்தும்போது சற்று விலகி நின்று மேலே மட்டும் நோக்க ஒருவரை நிறுத்த வேண்டும் என்று பாதுகாப்புப் பயிற்சிகளில் கூறுவது இதனால்தான். தேரோட்டங்களின்போது மின்வாரியத்திடம் முன்கூட்டியே தெரிவித்து, அவ்வீதியின் மின்சாரத்தை நிறுத்தச் செய்வது இன்னும் சிறந்த வழி.

லைன் கிளியர்

மின்வாரியப் பணியாளர் கம்பத்தில் ஏறுமுன் 'லைன் கிளியர்' வாங்கினார் என்று சொல்வதைக் கேட்டிருக்கலாம். இது வெறும் வாய்ச்சொல் அன்று. எந்தப் பாதையில், எந்தக் கம்பத்திலிருந்து எந்தக் கம்பம்வரை, யார், எப்போது வேலை செய்கிறார் என்பதைக் குறித்து அளிக்கப்படும் அனுமதி அது. இணைப்பைத் துண்டித்த பின்னும் வேலை தொடங்கிவிடாது. மின்சாரம் இல்லை என்பதைக் கருவியால் சோதித்து, கம்பிகளை மண்ணோடு இணைக்க வேண்டும். இதனை 'எர்த்' செய்தல் என்பர். எங்கோ ஒரு கடையில் ஓடும் ஜெனரேட்டரின் மின்சாரம் தவறான இணைப்பால் பின்னோக்கி வந்து கம்பியில் ஏறக்கூடும். ஏறினால் அது பணியாளரின் உடலை விட்டு மண்ணுக்குச் செல்லட்டும் என்பதற்கே இந்த ஏற்பாடு. கையுறை, தலைக்கவசம், இடைவார், எர்த் செய்யும் கருவி ஆகியவற்றை அளிக்க வேண்டும் என்பதும், நியமிக்கப்படாத எவரும் மின்னோட்டமுள்ள பாதையில் வேலை செய்யவோ உதவவோ கூடாது என்பதும் விதி. 'ஒரு கை பிடியுங்கள்' என்று அழைக்கப்படும் தெருவாசிக்கும் இது பொருந்தும்.

பொறுப்பு யாருடையது?

மழைநீர் தேங்கிய சாலையில் அறுந்து கிடந்த மின்கம்பியை அறியாமல் மிதிவண்டியில் வந்த தொழிலாளி ஒருவர் 1997இல் மத்தியப் பிரதேசத்தில் இறந்தார். வேறொருவர் திருட்டுத்தனமாக மின்சாரம் எடுத்ததால் நேர்ந்தது என்று மின்வாரியம் வாதிட்டது. 2002இல் உச்ச நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. உயிருக்கு ஆபத்தான ஒன்றைக் கையாளும் அமைப்பு, அதனால் பிறர்க்கு நேரும் தீங்குக்கு, தன்மீது கவனக்குறைவு இல்லாதபோதும் பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 'கடும்பொறுப்பு' எனப்படும் இக்கோட்பாட்டின் வேர் இங்கிலாந்தில் உள்ளது. தன் நிலத்தில் ஒருவர் தேக்கிய நீர் அண்டை நிலத்துச் சுரங்கத்தில் புகுந்த வழக்கில், 1868இல் பிரபுக்கள் அவை உறுதி செய்த கோட்பாடு அது. நீரைத் தேக்கியவருக்குச் சொன்னது, மின்சாரத்தை ஓடவிட்டவருக்கும் பொருந்துவதாயிற்று.

வேலை தருபவரின் பொறுப்பும் சிறிதன்று. 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் அமைந்த மைய விதிகள், வேலை தொடங்குமுன் மின்னால் நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்கும் கடமையை வேலை தருபவர்மீது வைத்தன. எச்சரிக்கைப் பலகை தொழிலாளர்க்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்றன. வெளிமாநிலத்தவர் மிகுதியாக வந்து உழைக்கும் இந்நாளில் 'அபாயம்' என்று தமிழில் மட்டும் எழுதினால் கடமை முடிந்துவிடாது. விபத்து நேர்ந்தால் மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவின்படி அதனைத் தெரிவிக்க வேண்டும்; மின் ஆய்வாளரின் விசாரணைக்கும் அப்பிரிவு இடமளிக்கிறது.

தெரியுமா?

வண்டியோ இயந்திரமோ மின்கம்பியில் பட்டுவிட்டால், தீப்பற்றாதவரை உள்ளிருப்பவர் உள்ளேயே இருப்பது நல்லது. தீப்பற்றி இறங்க நேர்ந்தால் வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு கால்களையும் சேர்த்துக் குதிக்க வேண்டும். பின்பு கால்களைச் சேர்த்தே சிறுசிறு தத்தல்களாக விலக வேண்டும். கம்பி மண்ணைத் தொட்ட இடத்தைச் சுற்றிலும் தரையில் மின்னழுத்தம் பரவியிருக்கும். அகலக் காலெடுத்து வைத்தால் இரு பாதங்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு மிகும். கால்களின் இடைவெளி அகன்ற மாடுகள் இத்தகைய இடங்களில் எளிதில் இறப்பது இதனால்தான். உயரழுத்தக் கம்பியைக் காய்ந்த கழியால்கூடத் தள்ள முயலக் கூடாது. பிறரை நெருங்கவிடாமல் நிறுத்திவிட்டு, மின்வாரியத்தின் மின்னகம் எண்ணான 94987 94987இல் தெரிவித்து மின்சாரத்தை நிறுத்தச் செய்ய வேண்டும். 108க்கும் அழைக்க வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவில் மாடி எழுப்பவிருக்கும் ஒருவருக்காக, மின்வாரிய உதவிப் பொறியாளருக்கும் மின் ஆய்வாளருக்கும் அனுப்ப வேண்டிய கடிதம் ஒன்றை எழுதுக. வரைபடத்தில் சாரத்தையும் காட்டுக.

2. மின்கம்பத்தின் நீளத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கும். 8 மீட்டர்க் கம்பம் ஒன்று தரைக்கு மேல் எவ்வளவு உயரம் நிற்கும் என்று கணக்கிட்டு, இரு கம்பங்களின் நடுவே கம்பி 0.6 மீட்டர் தொய்ந்தால் தெருவின் குறுக்கே அது சட்டப்படியான உயரத்தில் உள்ளதா எனக் கூறுக. (கணக்கால் மட்டுமே காண்க, கோலோ கயிறோ கொண்டு கம்பியின் உயரத்தை அளக்க முயல வேண்டா.)

3. உங்கள் ஊர்த் திருவிழாவில் தேர், சப்பரம், கொடி, பந்தல் ஆகியவை செல்லும் அல்லது நிற்கும் வழியில் மின்கம்பிகள் குறுக்கிடும் இடங்களைப் பட்டியலிட்டு, விழாக் குழுவினரிடம் அளித்து உரையாடுக.